பருத்திக்கொட்டையும் பால்கோவாவும்

பருத்தி விலை ஏறினால் பாலுக்கு என்ன வந்தது? இராஜபாளையத்துப் பஞ்சாலைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கும் என்ன உறவு? கேட்பதற்கு விந்தையாகத் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடை, நம் வீட்டுத் தொழுவத்தருகே ஊறிக்கொண்டிருக்கும் பருத்திக்கொட்டையில் இருக்கிறது.

இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். மேற்கே மலைத்தொடர், அதன் அடிவாரத்தில் மாவும் தென்னையும், கண்மாய்ப் பாசனத்தில் நெல், கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் நிலமும் பருத்தியும். இராஜபாளையம் ஆலை நகரம். பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936-இல் நிறுவிய இராஜபாளையம் மில்ஸ் அங்கே நூற்புத் தொழிலுக்கு அடித்தளமிட்டது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரோ பால்கோவாவால் புகழ்பெற்றது. அதற்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சுற்றியுள்ள சிற்றூர்களில் சிறிது பருத்தி நிலமும் ஒன்றிரண்டு கறவை மாடுகளும் வைத்திருக்கும் குடும்பங்கள் பல. பருத்திப் பணம் பருவத்திற்கு ஒருமுறை வரும். கடனுக்கும் கல்யாணச் செலவுக்கும் போய்விடும். பால் பணம் வாரந்தோறும் சிறுகச் சிறுக வரும்; பள்ளிக் கட்டணமும் மளிகையும் அதில்தான் நடக்கும். முன்னதன் கணக்கைக் குடும்பத் தலைவர் மனத்தில் வைத்திருப்பார். பின்னதன் கணக்கை இல்லத்தரசி வைத்திருப்பார். இவ்விரு கணக்குகளும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஆனால் சந்தையில் அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அது எங்ஙனம் என்பதைச் சற்றே விரிவாகக் காண்போம்.

ஒரு குவிண்டாலில் உள்ளது என்ன?

செடியிலிருந்து பறித்து வருவது பருத்தி. கொட்டையை நீக்கிய பின் கிடைப்பது பஞ்சு. இந்த வேறுபாட்டை நம் மக்கள் சொல்லிலேயே காத்து வந்திருக்கிறார்கள். 100 கிலோ பருத்தியை ஜின்னிங் ஆலையில் அரைத்தால் ஏறத்தாழ 34 கிலோ பஞ்சு கிடைக்கும். 64 கிலோ வரை கொட்டை; எஞ்சியது தூசியும் கழிவும். இரகத்திற்கு ஏற்ப இந்த அளவு ஓரளவு கூடும், குறையும். ஆக, நாம் பருத்தி என்று சொல்லி விற்பதில் மூன்றில் இரு பங்கு எடை கொட்டையே.

விலையை எடுத்துக்கொள்வோம். பஞ்சு ஒரு கண்டி 55,000 ரூபாய் என்றும், பருத்திக்கொட்டை கிலோ 35 ரூபாய் என்றும் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு குவிண்டால் பருத்தியிலுள்ள பஞ்சின் மதிப்பு ஏறத்தாழ 5,260 ரூபாய். கொட்டையின் மதிப்பு 2,240 ரூபாய். மொத்தம் 7,500 ரூபாய். இதில் அரவைக் கூலியும் வியாபாரியின் ஊதியமும் போக மீதியே விவசாயிக்கு வரக்கூடியது. கவனியுங்கள்: மதிப்பில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு கொட்டையினுடையது. பஞ்சின் விலை அசையாமல் நிற்கும்போதும் பருத்தியின் விலை ஏறி இறங்குவதற்கு இதுவே ஒரு காரணம். பருத்தியை எடைபோடும் வியாபாரி ஒரு கண்ணால் ஆலையைப் பார்க்கிறார்; மறு கண்ணால் மாட்டுத் தீவனக் கடையைப் பார்க்கிறார்.

கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சும் வீணாவதில்லை. காகிதம் செய்யவும் அது பயன்படும். நம் நாட்டு ரூபாய் நோட்டுகளின் தாள் முழுவதும் பருத்தி இழையால் ஆனது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பருத்தியை விற்றுவிட்டு விவசாயி மடியில் முடிந்து வருவதும் ஒரு வகையில் பருத்தியே!

கண்டி என்னும் பழைய எடை

1958 அக்டோபரில் நம் நாட்டில் மெட்ரிக் எடைகள் அறிமுகமாயின. 1962 ஏப்ரலுக்குள் அவை கட்டாயமாயின. மணங்கும் துலாமும் வழக்கொழிந்தன. ஆனால் பஞ்சு வணிகத்தில் கண்டி மட்டும் இன்றும் அரசோச்சுகிறது. ஒரு கண்டி 784 இராத்தல். அதாவது சற்றேறக்குறைய 356 கிலோ. வானொலியிலும் நாளேட்டிலும் பஞ்சின் விலை கண்டிக் கணக்கில் வரும். நம் பருத்தியோ குவிண்டால் கணக்கில் போகும். ஒன்றை மற்றொன்றாக மாற்றத் தெரியாதவர் விலைச் செய்தியைக் கேட்டும் கேளாதவரே.

எளிய வழி இது: ஒரு கண்டிப் பஞ்சு கிடைக்க ஏறத்தாழ பத்தரைக் குவிண்டால் பருத்தி வேண்டும். ஆகவே கண்டி விலையைப் பத்தரையால் வகுத்தால், ஒரு குவிண்டால் பருத்தியிலுள்ள பஞ்சின் மதிப்பு கிடைக்கும். அதனோடு 64 கிலோ கொட்டையின் விலையைக் கூட்டிக்கொள்ளுங்கள். வியாபாரி சொல்லும் விலை இதற்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பது உடனே விளங்கும்.

கண்டியின் விலை நம் ஊரில் முடிவாவதில்லை. 2022-இல் அது ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை பொறுக்காமல் அவ்வாண்டு மே மாதத்தில் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலினர் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த சில மாதங்களிலேயே விலை சரிந்தது. வெளிநாட்டுப் பஞ்சுக்கு 2021 பிப்ரவரியில் விதிக்கப்பட்ட 11 விழுக்காட்டு இறக்குமதி வரியை 2025 ஆகஸ்டு முதல் அவ்வாண்டு டிசம்பர் முடிய மத்திய அரசு விலக்கி வைத்தது. ஆலைகளுக்கு அது நிம்மதி. அறுவடையை எதிர்நோக்கியிருந்த விவசாயிக்கோ கவலை. இத்தகைய வேளைகளில் துணை நிற்பது குறைந்தபட்ச ஆதரவு விலையே. 2025-26 பருவத்திற்கு அது நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டால் 7,710 ரூபாய்; நீள இழைக்கு 8,110 ரூபாய்.

இழையின் நீளம் என்றதும் ஒரு சிறு செய்தி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்னும் எழுத்துகளுடன் வரும் பருத்தி இரகங்கள் அங்கே உருவானவை. அவ்வெழுத்துகள் ஊரின் பெயரைக் குறிப்பன. கரிசல் காட்டின் பழைய கருங்கண்ணி குட்டை இழையுடையது; வறட்சியைத் தாங்கும். ஆலைகள் நீள இழையை நாடியபோது கருங்கண்ணி பின்தங்கியது.

பறிக்கும் வேளையும் ஈரமும்

பருத்தியைக் காலை வேளையில், பத்து பதினொரு மணிக்குள் பறித்துவிடுவது நலம் என்பது வேளாண் துறையினரின் அறிவுரை. வெயில் ஏறினால் காய்ந்த இலைகள் நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். காலையின் ஈரத்தில் அவை நொறுங்குவதில்லை. ஆனால் அந்த ஈரத்தோடு மூட்டை கட்டிவிடக் கூடாது. நிழலில் பரப்பி உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் உலர்த்தினால் பஞ்சின் வெண்மை மங்கும்.

ஈரம் எடையைக் கூட்டுமே, அதனால் இலாபந்தானே என்று எண்ணுவோர் உண்டு. ஆதரவு விலைக் கொள்முதலில் எட்டு விழுக்காடு ஈரமே அளவு. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு விழுக்காட்டிற்கும் விலையில் பிடித்தம் உண்டு. பன்னிரண்டைத் தாண்டினால் வாங்கவே மாட்டார்கள். பன்னிரண்டு விழுக்காடு ஈரமுள்ள நடுத்தர இழைப் பருத்தியில், 2025-26 விலைப்படி, குவிண்டாலுக்கு ஏறத்தாழ 300 ரூபாய் கழியும். ஒரு பகல் நிழலில் உலர்த்தினால் மிஞ்சக்கூடிய தொகை இது. கறை படிந்ததையும் புழு தின்றதையும் பறிக்கும்போதே தனியே ஒதுக்குங்கள். ஒரு கூடை கறைப் பருத்தி ஒரு மூட்டை நல்ல பருத்தியின் விலையைக் கெடுக்கும். பிளாஸ்டிக் சாக்கைத் தவிர்த்துப் பருத்தித் துணிச் சாக்கையே பயன்படுத்துங்கள். சாக்கின் இழை பஞ்சில் கலந்துவிட்டால் ஆலையில் அதைப் பிரிப்பது அரிது.

கொட்டை செல்லும் வழி

இனிக் கொட்டையைப் பின்தொடர்வோம். அதன் ஒரு பகுதி எண்ணெய் ஆலைக்குச் சென்று எண்ணெயாகவும் புண்ணாக்காகவும் பிரிகிறது. ஒரு பகுதி மனிதருக்கும் உணவாகிறது. மதுரைத் தெருக்களில் மாலை வேளைகளில் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்து மணக்க மணக்க விற்கும் பருத்திப்பால், கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலே. மற்றொரு பகுதி முழுக் கொட்டையாகவே நம் தொழுவத்திற்குத் திரும்பி வருகிறது.

இரவில் ஊறவைத்துக் காலையில் ஆட்டிக் கொடுக்கும் பருத்திக்கொட்டை, கறவை மாட்டிற்கு எண்ணெய்ச் சத்தும் புரதமும் நார்ச்சத்தும் ஒருங்கே தருவது. பாலின் கொழுப்புக் குறையாமல் காப்பது. ஆயினும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கொட்டையில் காசிப்பால் என்னும் நச்சுப்பொருள் இயல்பாகவே இருக்கிறது. அசைபோடும் பெரிய மாடுகளின் இரைப்பை, அளவோடு உண்டால், அதைத் தாங்கிக்கொள்ளும். இளங்கன்றுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் அத்திறன் இல்லை. கொட்டை தின்னும் கோழியின் முட்டையில் மஞ்சள் கரு நிறம் மாறுவதும் இதனாலேயே. ஊறவைத்து வேகவைப்பது நஞ்சை ஓரளவு குறைக்கும். பூசணம் பிடித்த கொட்டையை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்; அதன் நஞ்சு பாலிலும் வந்து சேரும்.

இப்போது கணக்கிற்கு வருவோம். ஐந்து குவிண்டால் பருத்தி விற்ற ஒரு குடும்பம், அதனுடன் 320 கிலோ கொட்டையையும் விற்றுவிடுகிறது. நாளுக்கு ஒரு கிலோ வீதம் ஒரு மாட்டிற்கு ஏறத்தாழ பதினொரு மாதத்திற்குப் போதுமான தீவனம் அது! பின்னர் அதே குடும்பம் கடையிலிருந்து கொட்டையைச் சில்லறையாக வாங்கி வருகிறது. கொட்டையின் விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏற்றம் முழுவதும் விவசாயியின் கைக்கு வந்தால் ஐந்து குவிண்டாலுக்கும் சேர்த்து 1,600 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். ஆண்டு முழுவதும் மாட்டிற்குக் கூடுதலாகச் செலவாகும் தொகையோ 1,825 ரூபாய். பருத்தி விலை ஏறிற்று என்று திண்ணையில் மகிழ்ந்த குடும்பம், தொழுவத்தில் அதை இழந்துவிட்டதை அறிவதில்லை.

பாலுக்கு விலை எப்படி?

தீவன விலை வாரந்தோறும் மாறும். கூட்டுறவுச் சங்கம் தரும் பால் விலை அவ்வாறன்று. அது அரசு முடிவு செய்வது. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் பசும்பாலுக்கு லிட்டர் 32 ரூபாய் என்று அறிவிக்கப்பட்ட விலை, மூன்று ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. 2022 நவம்பரில் அது 35 ஆயிற்று, எருமைப்பாலுக்கு 44. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. மாறாத விலைக்கும் மாறும் செலவுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட குடும்பமே மாட்டை விற்றுவிட எண்ணுகிறது. மாடு போனால் வாரப் பணம் போகும், எருவும் போகும்.

விலை நம் கையில் இல்லை. பாலின் தரமோ பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. சங்கத்தில் தரப்படுவது கொழுப்பிற்கும் இதரத் திடப்பொருள்களுக்கும் உரிய விலையே. ஆகவே சில உண்மைகளை அறிந்திருத்தல் நலம்.

காலைப் பாலைவிட மாலைப் பாலில் கொழுப்பு மிகுதி. இரவின் நீண்ட இடைவெளிக்குப் பின் கறப்பதால் காலையில் அளவு கூடுகிறது, செறிவு குறைகிறது. கறக்கத் தொடங்கும்போது வரும் பால் நீர்த்தது. மடி வற்றும்போது வரும் கடைசிப் பாலே கொழுப்பு நிறைந்தது. கடைசிப் பாலைக் கறவாமல் விட்டுவிட்டு, சங்கத்தில் கொழுப்புக் குறைவு என்கிறார்களே என வருந்துவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கன்றிற்கு விட வேண்டியதை முதற் பாலிலேயே விட்டுவிடலாம்.

பால்மானி என்னும் லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியைக் காட்டுவது. தண்ணீர் கலந்தால் அதன் எண் இறங்கும்; ஆடையை எடுத்துவிட்டாலோ எண் ஏறும். இரண்டையும் செய்பவர் கருவியை ஏமாற்றிவிடலாம். இதனாலேயே கொழுப்பைத் தனியே அளக்க வேண்டியதாயிற்று. சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த கெர்பர் 1891-இல் வகுத்த முறை அதற்கு வழி செய்தது. கந்தக அமிலத்தால் பாலின் மற்றப் பொருள்களைக் கரைத்து, குழாயைச் சுழற்றி, மிதந்து வரும் கொழுப்பை அளப்பது அம்முறை. இன்னொன்று: கறந்த சூட்டிலேயே பால்மானியை இட்டால் எண் குறைவாகவே காட்டும்; அதற்கேற்பத் திருத்தம் செய்ய வேண்டும். பாத்திரத்தைக் கலக்காமல் அடியிலிருந்து மாதிரி எடுத்தாலும் கொழுப்புக் குறைந்தே தெரியும். நன்கு கலக்கிய பின் மாதிரி எடுக்குமாறு பணிவோடு கேட்பது நம் உரிமை.

மூன்று லிட்டர் ஒரு கிலோவாகிறது

பால் காத்திருக்காது. நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். அன்றன்று கிடைத்த விலைக்கு விற்றே ஆக வேண்டும் என்பதே பால் விற்பவரின் பலவீனம். பாலைக் காத்திருக்கச் செய்யும் கலையே பால்கோவா.

பத்து லிட்டர் பாலும் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ சர்க்கரையும் சேர்ந்தால் மூன்று கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பால்கோவா கிடைக்கும். பாலில் எட்டில் ஏழு பங்கு நீர். அதில் பெரும்பகுதியை அடுப்பு குடித்துவிடுகிறது. ஒரு கிலோ பால்கோவா என்பது ஏறத்தாழ மூன்று லிட்டர் பால் என்று நினைவில் கொள்ளலாம். புளிய விறகும் முந்திரிக்கொட்டைத் தோடும் இட்ட அடுப்பில், அகன்ற இரும்புச் சட்டியில், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் பால் கரியும். வேறு மாவோ வாசனையோ சேராத இவ்வினிப்பில் பாலின் குறை எதையும் மறைக்க முடியாது. தண்ணீர் கலந்த பாலுக்கு விறகு அதிகம் செலவாகும், கோவா குறைவாகக் கிடைக்கும். ஆதலால் கோவா செய்பவர் பாலைப் பார்த்தே வாங்குவார். கரிசலில் விளைந்த கொட்டை, பசுவின் வயிற்றில் பாலாகி, ஸ்ரீவில்லிபுத்தூர் அடுப்பில் கோவாவாகிப் பேருந்து ஏறி ஊரெல்லாம் செல்கிறது. தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இதுவே விடை.

விலைப் பட்டியலைப் படிக்கும் முறை

விருதுநகர் மார்க்கெட் நிலவரம் நாளேடுகளில் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கிறது. அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஏமாறுவோர் பலர். எண்ணெய் விலை 15 கிலோ டின்னுக்கு உரியது. நாம் கடையில் வாங்குவது லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ எடை இராது. ஏறத்தாழ 910 கிராம்தான். ஆகவே 15 கிலோ டின்னில் பதினாறரை லிட்டர் அளவு இருக்கும். பருப்பும் பயறும் 100 கிலோ மூட்டைக் கணக்கு. அவை மொத்த விலை. சில்லறை விலை அதற்கு மேல்தான் இருக்கும். விற்கும்போது மொத்த விலையையும் வாங்கும்போது சில்லறை விலையையும் சந்திப்பவர் விவசாயி. இவ்விரண்டின் இடைவெளியை மாதம் ஒருமுறையேனும் குறித்து வைப்பது நல்லது.

துண்டுக்குள் விரலும் திறந்த விலையும்

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்திய கைகளுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைக் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு மதிப்பு. சுற்றி நிற்போர் எவருக்கும் விலை தெரியாது. மாட்டை விற்பவருக்கே பல நேரங்களில் தெரிவதில்லை! ஒரு காலத்தில் விளைபொருள்களும் இவ்வாறே விலைபோயின. இந்த மறைவை நீக்கவே 1933-இல் சென்னை வாணிபப் பயிர்கள் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் 1936-இல் திருப்பூரில் பருத்திக்காகத் தோன்றியது. இன்று விருதுநகர் மாவட்டத்திலும் அத்தகைய கூடங்கள் உள்ளன. அங்கே சரியான எடை உண்டு. பல வியாபாரிகள் தனித்தனியே விலை எழுதித் தருவர். விலை பிடிக்காவிட்டால் விவசாயி மறுக்கலாம். சந்தைக் கட்டணத்தைச் செலுத்துபவர் வாங்குபவரே. உடனே விற்க விரும்பாதவர் சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் பெறவும் வழி உண்டு. 2016 ஏப்ரலில் தொடங்கிய தேசிய மின்னணு வேளாண் சந்தை, வெளியூர் வியாபாரியும் விலை கேட்க வழி செய்திருக்கிறது.

ஆயினும் களத்துமேட்டிலேயே விற்றுவிடுவோர் இன்னும் மிகப் பலர். முன்பணம் வாங்கியிருப்பார்கள், வண்டிக் கூலிக்கு அஞ்சுவார்கள். கடன் கொடுத்தவரே விலையையும் சொல்லும்போது தராசு நேராக இருந்தும் பயனில்லை.

ஒரே கணக்கேடு

ஆதலின் நம் குடும்பங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பருத்திக்கு ஒரு கணக்கும் பாலுக்கு ஒரு கணக்கும் என்று பிரித்து வைக்காமல், ஒரே ஏட்டில் இரண்டையும் எழுதுங்கள். ஒரு பக்கத்தில் பருத்தியின் எடை, ஈரம், பெற்ற விலை; எதிர்ப்பக்கத்தில் கொட்டையும் புண்ணாக்கும் வாங்கிய விலை, பாலின் அளவு, கொழுப்பு, பெற்ற தொகை. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து, படிக்கும் பிள்ளையைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். வகுப்பில் கற்ற விழுக்காட்டுக் கணக்கு வீட்டில் பயன்படுவதைக் கண்டால் பிள்ளைக்கும் கணக்கின்மேல் ஆர்வம் பிறக்கும்.

ஓராண்டு எழுதினால் சில உண்மைகள் தாமே வெளிப்படும். பருத்தி அரவை மும்முரமாக நடக்கும் நாட்களில் கொட்டை வரத்து மிகும். நன்கு உலர்ந்த கொட்டையை ஆறு மாதத்திற்கு வாங்கி, ஈரம் படாத இடத்தில் அடுக்கி வைக்க முடிந்தால், கோடையில் விலை ஏறும்போது கவலை இராது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஆலையிலேயே மொத்தமாக வாங்கினால் இன்னும் மிச்சமாகும். மாட்டை விற்பதா வைத்திருப்பதா என்பதையும், மனம் சோர்ந்த ஒரு நாளில் முடிவு செய்யாமல், ஏட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.

வானம் பொய்ப்பதையும் டில்லியில் வரி மாறுவதையும் நாம் தடுக்க இயலாது. நம் வீட்டை விட்டு என்ன செல்கிறது, என்ன விலைக்குத் திரும்பி வருகிறது என்பதையேனும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். பருத்தி மூட்டையைத் தராசில் ஏற்றும் அன்று, அதனுள் உங்கள் பசுவின் பதினொரு மாதத் தீவனமும் ஏறுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.